நைஜல் அட்கின்ஸ்: அந்தப் பத்து ஆண்டுகளைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

கையுறை

பக்கத்து இழையில் "கோல்கீப்பராக ஆடியவர் நல்ல மேனேஜர் ஆக மாட்டார்" என்று ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டுப் போயிருந்தார். அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது, அதனால்தான் தனி இழை.

இங்கிலாந்துக் கால்பந்து மேனேஜர் நைஜல் அட்கின்ஸ் பெயரைச் சொன்னாலே "சவுத்தாம்ப்டன் கிளப்பில் வேலையைவிட்டு நீக்கிவிட்டு போச்செட்டினோவைக் கொண்டுவந்தார்களே, அவரா?" என்றுதான் கேட்கிறார்கள். ஆமாம், அவரேதான். ஆனால் அந்த ஒரு 2013 ஜனவரி மாதத்தை வைத்து இந்த மனிதரை எடைபோடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

1965-ல் பிர்க்கன்ஹெட்டில் பிறந்தவர். மெர்ஸி ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிர்க்கன்ஹெட், அந்தப் பக்கம் லிவர்பூல். அக்கரையில் ஐரோப்பியக் கோப்பைகளைக் குவித்துக்கொண்டிருந்த காலத்தில் இவர் இக்கரையில் டிரான்மியர் ரோவர்ஸ் அணியின் கோல் கம்பத்துக்கு நடுவே நின்றார். நான்காவது டிவிஷன். 86 லீக் ஆட்டங்கள். 1986-ல் விகன் அத்லெட்டிக் போய் அங்கே 155. பெரிய கோப்பை இல்லை, நாட்டுக்கு ஆடவில்லை, ஸ்டிக்கர் ஆல்பத்தில் படம் வந்த ஆளும் இல்லை. சேறும் காற்றும் சில ஆயிரம் பேரும்தான்.

1993-ல், 28 வயதிலேயே, வேல்ஸில் பேங்கர் சிட்டிக்கு ஆட்டக்காரரும் மேனேஜருமாகப் போகிறார். வேல்ஸ் லீக் ஆரம்பித்தே ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. 1994-லும் 1995-லும் தொடர்ந்து இரண்டு முறை பட்டம். சின்ன லீக் என்று ஒதுக்கலாம், சரி. ஆனால் முப்பது வயதிலேயே இரண்டு லீக் பட்டம் வென்றுவிட்ட மேனேஜர் அடுத்து என்ன செய்வார்? பெரிய கிளப் ஏதாவது கூப்பிடுமா என்று காத்திருப்பார். இவர் சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி பட்டம் எடுத்தார். 1996-ல் ஸ்கன்தார்ப் யுனைடெட் அணிக்குப் பிசியோவாகப் போனார். பத்து ஆண்டு. கட்டிலில் படுத்திருக்கும் ஆட்டக்காரனின் தொடைத்தசையைப் பிடித்துவிட்டு, ஆட்டத்தில் யாராவது விழுந்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி, அப்படிப் பத்து ஆண்டு.

2006 நவம்பரில் மேனேஜர் பிரையன் லாஸ் ஷெஃபீல்ட் வென்ஸ்டே போய்விட்டார். அணி லீக் ஒன்னில், அதாவது மூன்றாம் அடுக்கில், நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பொறுப்பை அட்கின்ஸிடம் தற்காலிகமாகக் கொடுத்தார்கள், டிசம்பரில் நிரந்தரமாக்கினார்கள். அந்தப் பருவத்தின் முடிவில் 91 புள்ளிகள், சாம்பியன். 1964-க்குப் பிறகு ஸ்கன்தார்ப் இரண்டாம் அடுக்கில் கால் வைத்தது அப்போதுதான். அன்றைய பிரபல மேனேஜர் மொரீனியோவை வைத்து "மொரீனியோ எதற்கு, எங்களிடம் பிசியோ இருக்கிறார்" என்று பாட்டே கட்டினார்கள் ரசிகர்கள். இங்கிலீஷில் அது எதுகையோடு வரும்.

மொரீனியோ பாட்டு எல்லாருக்கும் தெரிகிறது. அந்தப் பத்து ஆண்டில் அவர் என்ன கற்றுக்கொண்டார் என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் இங்கே பேச நினைக்கிறேன்.

டச்லைன் 73

நல்ல பதிவு, ஆனால் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2007 பட்டத்தை முழுசாக அட்கின்ஸ் கணக்கில் எழுத முடியாது. அணி லாஸ் கட்டியது. பில்லி ஷார்ப் ஒருவரே அந்தப் பருவத்தில் 30 லீக் கோல். ஜனவரியில் ஆண்டி கியோவை வுல்வ்ஸுக்கு விற்றார்கள், லீட்ஸிலிருந்து கடனாக வந்த ஜெர்மைன் பெக்ஃபோர்ட் இடத்தை நிரப்பினார். ஓடுகிற வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் என்றுதான் அன்றைக்கு எதிரணி ரசிகர்கள் சொன்னார்கள், அதில் பாதி உண்மை இருந்தது. அடுத்த ஆண்டே சாம்பியன்ஷிப்பில் (இரண்டாம் அடுக்கின் பெயர் அதுதான்) 23-வது இடம், திரும்பக் கீழே.

கையுறை

பாதி உண்மை என்கிறீர்களே, மீதிப் பாதியைச் சொல்கிறேன். நடுவில் மேனேஜர் போனால் ஓடுகிற வண்டி நிற்பதுதான் வழக்கம். கூடவே கியோவும் போனார். அப்படியும் ஓட்டினார். 2007 கோடையில் ஷார்ப்பையும் ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு 20 லட்சம் பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள், அதனால் 23-வது இடம் எனக்கு ஆச்சரியமாக இல்லை. அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். 2008-ல் சவுத்எண்டிலிருந்து கேரி ஹூப்பரைக் கொண்டுவந்தார், 2009-ல் பிளே ஆஃப் (மேலே போகக் கடைசி இடத்துக்கான கூடுதல் ஆட்டங்கள்) வழியாக மறுபடி மேலே. 2010-ல் சாம்பியன்ஷிப்பில் 20-வது இடத்தில் தப்பித்தார்கள். ஸ்கன்தார்ப் மைதானமான கிளான்ஃபோர்ட் பார்க்கில் மொத்தமே ஒன்பதாயிரம் பேருக்குத்தான் இடம், அந்த வரும்படியில் இரண்டாம் அடுக்கில் தங்குவது பட்டத்தைவிடக் கஷ்டம். இது லாஸ் கட்டிய அணி இல்லை.

வலது முழங்கால்

நான் பிசியோதெரபிஸ்ட். பதினோரு வருடமாக விளையாட்டு அணிகளோடு வேலை, அதில் கால்பந்து மட்டும் ஆறு வருடம். இந்த இழையில் எனக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கட்டிலில் படுத்திருக்கும் ஆட்டக்காரன் கோச்சிடம் பேசும் அதே ஆள் இல்லை. கோச்சிடம் "ரெடி சார்" என்பான். என்னிடம் வலி எங்கே என்று சொல்வான், அப்புறம் வீட்டில் என்ன பிரச்சினை, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, தன் இடத்தில் ஆடுகிறவன் நன்றாக ஆடினால் வயிற்றில் என்ன செய்கிறது, எல்லாம் வரும். காலைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்போம், முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை, அதனால் பேச்சு வந்துவிடும். அணியில் யார் யாரோடு பேசுவதில்லை, மேனேஜர் சொன்ன திட்டத்தில் எவனுக்கு நம்பிக்கை இல்லை என்பது முதலில் தெரிவது பிசியோ அறையில்தான். அட்கின்ஸ் அதைப் பத்து ஆண்டு கேட்டிருக்கிறார். அதுவும் முன்பே மேனேஜராக இருந்து பட்டம் வென்றவர் கேட்கிறார், அதனால் அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கும்.

இன்னொன்று. எங்கள் வேலையில் தினமும் "முடியாது" என்று சொல்ல வேண்டியிருக்கும். நான் இருந்த ஓர் அணியில் தொடைத்தசை கிழிந்த பையனைப் பத்தாவது நாளே இறக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். என்னைக் கேட்காமலே இறக்கினார்கள், இருபது நிமிடத்தில் திரும்பக் கிழிந்தது, அந்தப் பருவம் அவனுக்கு அதோடு முடிந்தது. இப்போதும் அவன் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உடம்பு எவ்வளவு தாங்கும் என்று கையால் தொட்டு அறிந்த ஒருவர் அணித்தேர்வு செய்யும் இடத்துக்கு வந்தார் என்பதே எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

கையுறை

இதற்குத்தான் இழை தொடங்கினேன். நன்றி டாக்டர்.

செயின்ட் மேரிஸ் வாசல்

நான் 2008-லிருந்து சவுத்தாம்ப்டனில் இருக்கிறேன். படிக்க வந்தேன், தங்கிவிட்டேன். சவுத்தாம்ப்டன் பகுதியைப் பேசாமல் இந்த இழை முழுசாகாது, அதனால் நான் எழுதுகிறேன்.

2009-ல் கிளப் கடனில் மூழ்கி, திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது, பத்துப் புள்ளி பிடித்தம், மூன்றாம் அடுக்கு. மார்க்கஸ் லீபேர் வாங்கிக் காப்பாற்றினார். 2010 ஆகஸ்டில் அவர் இறந்துபோனார், அதே மாதக் கடைசியில் ஆலன் பார்டியூவை நீக்கினார்கள். எங்களுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி இருந்தது. செப்டம்பரில் ஸ்கன்தார்ப்பிலிருந்து ஒருவர் வருகிறார் என்றதும் என் பக்கத்து இருக்கைப் பெரியவர் உதட்டைப் பிதுக்கியது நினைவிருக்கிறது.

இரண்டே பருவம், இரண்டு முறை மேலே ஏறினோம். 2011-ல் லீக் ஒன்னில் இரண்டாம் இடம், பிரைட்டனுக்கு அடுத்து. 2012-ல் சாம்பியன்ஷிப்பில் 88 புள்ளி, ரெடிங்குக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால். கடைசி நாள் கவென்ட்ரியை 4-0 என்று அடித்தோம். மைதானத்துக்குள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், நானும் இறங்கினேன், புல் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. ரிக்கி லாம்பர்ட் அந்தப் பருவத்தில் 27 லீக் கோல். ஒரு காலத்தில் பீட்ரூட் தொழிற்சாலையில் ஜாடிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தவர் அவர். லல்லானா, ஷ்னெய்டர்லின், ஃபான்ட்டே எல்லாம் அந்த அணியில்தான் வளர்ந்தார்கள். ஆக்ஸ்லேட் சேம்பர்லெய்ன் இவர் கையில் ஒரு முழுப் பருவம் ஆடிவிட்டுத்தான் ஆர்சனல் போனார். வார்ட் ப்ரவுஸ், லூக் ஷா இருவரையும் பெரியவர்கள் அணியில் முதலில் இறக்கியதும் இவரே. டச்லைன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2012 ஜனவரியில் பில்லி ஷார்ப்பை எங்கள் கிளப்புக்கு அழைத்து வந்தவரும் அட்கின்ஸ்தான். விற்றுப் போன ஆட்டக்காரன் திரும்ப இவரிடமே வருகிறான்.

பிரீமியர் லீக்கில் முதல் நாள் நடப்புச் சாம்பியன் மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் 2-1 என்று முன்னால் இருந்து 3-2 என்று தோற்றோம். முதல் நான்கு ஆட்டமும் தோல்வி, அதில் ஆர்சனலிடம் 6-1. அப்புறம் மெல்ல மெல்லச் சரியானது. 2013 ஜனவரி 16, செல்சீ மைதானத்தில் 2-0 பின்னால் இருந்து 2-2. கடைசிப் பன்னிரண்டு லீக் ஆட்டத்தில் இரண்டே தோல்வி. 15-வது இடம். இரண்டு நாள் கழித்து நீக்கினார்கள். அன்று காலை அலுவலகத்தில் போனைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன், உள்ளே உட்கார முடியவில்லை.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். போச்செட்டினோ எங்களுக்கு வேறொரு கால்பந்தைக் காட்டினார். அந்த ஆண்டு 14-வது, அடுத்த ஆண்டு 56 புள்ளியோடு 8-வது. முடிவு சரியாக வந்தது. விதம் சரியில்லை. இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்திருக்கிறேன், பன்னிரண்டு வருடமாக இதில் ஒன்றை விட்டுவிட முயன்றும் முடியவில்லை.

டச்லைன் 73

ஷார்ப் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 2015-ல் ஷெஃபீல்ட் யுனைடெட்டிலும் அவரைத் திரும்ப வாங்கியது அட்கின்ஸ்தான். நடுவில் 2013-ல் ரெடிங்குக்குக் கடனாக வந்ததையும் சேர்த்தால் நான்கு கிளப், ஒரே மேனேஜர், ஒரே ஸ்ட்ரைக்கர். ஒப்புக்கொள்கிறேன், மனிதர்களோடு அவருக்கு ஏதோ இருக்கிறது.

பழைய ரேடியோ

கோல்கீப்பர் மேனேஜர் என்றதும் எனக்கு மைக் வாக்கர்தான். உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கக்கூட மாட்டீர்கள். வாக்கரும் கீழ் டிவிஷன் கீப்பர். வாட்ஃபோர்ட் அணியில் இருந்தார், அப்புறம் கோல்செஸ்டர் யுனைடெட்டில் மட்டும் 450-க்கு மேல் லீக் ஆட்டம். அங்கேயே மேனேஜர் ஆனார், 1987-ல் அணி நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே வேலை போனது. நாரிச் போய் ரிசர்வ் அணியைப் பார்த்துக்கொண்டார். 1992-ல் பெரிய அணி கைக்கு வந்தது. பிரீமியர் லீக் முதல் பருவத்தில் நாரிச் மூன்றாம் இடம். இதில் ஒரு வேடிக்கை, 61 கோல் போட்டு 65 வாங்கினார்கள், கோல் வித்தியாசம் மைனஸ் நான்கு! கீப்பர் பயிற்றுவித்த அணி அது. அடுத்த அக்டோபரில் யூஏஃபா கோப்பையில் மியூனிக் ஒலிம்பிக் மைதானத்தில் பேயர்னை 2-1. ஜெரமி காஸ் பந்து தரையைத் தொடுமுன் அடித்த வாலியை நான் தூர்தர்ஷன் செய்தியில் சில நொடி பார்த்தேனா, பத்திரிகையில் படமாகப் பார்த்தேனா என்று இப்போது குழம்புகிறது, ஆனால் பந்து வலைக்குப் போகிற கோணம் மட்டும் தெளிவாக இருக்கிறது.

வாக்கர் எவர்டன் போனார், 1994 நவம்பரில் நீக்கிவிட்டார்கள். திரும்ப நாரிச் வந்தும் பழைய மாதிரி இல்லை. அட்கின்ஸும் வாக்கரும் எனக்கு ஒரே தடத்தில் தெரிகிறார்கள். இரண்டு பேருமே முதல் அணியை விட்டுத் தள்ளி ஒரு மூலையில் வருஷக்கணக்கில் இருந்து பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள்.

கையுறை

ஐயா, வாக்கரை நான் மறந்தே போயிருந்தேன். அந்த மைனஸ் நான்கை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

ஆறு கஜம்

யாரும் சொல்லாத ஒன்றை நான் கேட்கிறேன். நான் பள்ளிப் பையன்களுக்குக் கீப்பிங் சொல்லிக்கொடுக்கிறேன். கீப்பராக இருந்தவர் தன் கீப்பர்களை நன்றாக வைத்திருப்பார் என்றுதானே நினைப்போம்? 2012-13 சவுத்தாம்ப்டனைப் பாருங்கள். கெல்வின் டேவிஸ், கில்லிங்கமிலிருந்து வாங்கிய கசனிகா, அப்புறம் ஆர்டர் போருட்ஸ். பாதிப் பருவத்துக்குள் மூன்று பேரையும் ஆடவைத்தார். பின்வரிசைக்கு முதுகுப்பக்கம் எந்தக் குரல் வரும் என்றே தெரியாத நிலை. ஒரு தப்புக்காகக் கீப்பரை மாற்ற ஆரம்பித்தால், அடுத்தவனும் தப்பு செய்ய பயந்துகொண்டே நிற்பான், கோல் கோட்டைத் தாண்டி முன்னால் வரவே மாட்டான். என் பையன்களிடமே இதைப் பார்க்கிறேன். கீப்பராக இருந்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

செயின்ட் மேரிஸ் வாசல்

இதற்கு என்னிடம் பதில் இல்லை, உண்மையிலேயே நீங்கள் சொல்வது சரி. கோல் கொட்டிக்கொண்டிருந்தது. டேவிஸ் எங்கள் எல்லாருக்கும் பிரியமானவர், இரண்டு முறை மேலே ஏறியபோதும் அவர்தான் கீப்பர், ஆனால் அந்த வேகத்துக்கு வயதாகிவிட்டது. கசனிகாவுக்கு இருபது வயது. போருட்ஸ் சீசன் தொடங்கிய பிறகு வந்தார். தேர்வு எதுவுமே சுலபமாக இல்லை என்பது மட்டும் சொல்லலாம்.

கையுறை

ஆறு கஜம் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் வேறு கோணம் ஒன்று. கீப்பர் என்பவர் தொண்ணூறு நிமிடமும் ஆட்டத்தை எதிரே வைத்துப் பார்ப்பவர். நான் எங்கள் ஊர் அணியில் நின்றிருக்கிறேன், கால்வாசி நேரம்கூடப் பந்தைத் தொட மாட்டோம், மீதி நேரமெல்லாம் கத்துவதுதான் வேலை. "இடது, இடது, பின்னால் ஆள்" என்று. நம் கையில் இல்லாததை வாயால் நடத்துகிற வேலை. மேனேஜர் வேலையும் அதுதானே? கோட்டுக்கு வெளியே நின்று கத்துவது. டெக்னிக் சொல்லிக்கொடுப்பது அப்புறம்.

டச்லைன் 73

சரி, கீப்பர், பிசியோ, மனிதர்களைப் புரிந்தவர், எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் சவுத்தாம்ப்டனுக்குப் பிறகு ஏன் எங்கேயும் நிலைக்கவில்லை? ரெடிங்கில் 2014-ல் 7-வது, கடைசி நாள் கூடுதல் நேரத்தில் பிரைட்டனுக்காக உல்லோவா அடித்த கோலில் பிளே ஆஃப் வாய்ப்பு போனது, டிசம்பரில் பர்மிங்கமிடம் 6-1 வாங்கியதும் வேலை போனது. ஷெஃபீல்ட் யுனைடெட்டை லீக் ஒன்னில் 11-வது இடத்தில் விட்டார், அவ்வளவு பெரிய கிளப்புக்கு அது அவமானம், அடுத்த ஆண்டே கிறிஸ் வைல்டர் வந்து சாம்பியன் ஆக்கினார், அதே பில்லி ஷார்ப்பைக் கேப்டனாக வைத்து. ஹல் சிட்டியில் கீழே போகாமல் காப்பாற்றினார், அடுத்த பருவம் 13-வது, அதோடு விலகினார். சார்ல்டனில் 2021-ல் கோல் வித்தியாசத்தில் பிளே ஆஃப் தவறியது, அக்டோபரில் வெளியே. தொடர்ந்து இப்படி நடந்தால் துரதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்ல முடியாது.

வலது முழங்கால்

டச்லைன், உங்கள் கேள்வி நியாயமானது, இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். ஸ்கன்தார்ப்பில் அவர் மேனேஜர் ஆனபோது ஒவ்வொருவர் முழங்காலும் அவருக்குத் தெரியும். அந்த அறிவு எடுத்துக்கொண்டு போகிற சாமான் இல்லை. புதுக் கிளப்பில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று கிடைத்தால் அதைத் திரும்பச் சேர்க்க முடியாது. சவுத்தாம்ப்டனில் இரண்டரை வருடம் கிடைத்தது, பலன் வந்தது. ஹல்லில் ஒன்றரை வருடம், அங்கேயும் அணி மோசமாக இல்லை. ஷெஃபீல்டில் ஒரே பருவம். மெதுவாகப் பழுக்கிற ஆளை அவசரமான தொழிலில் வைத்திருக்கிறோம் என்று நினைக்கிறேன். என் தொழில் பாசம் கலந்த பதில் இது, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

டச்லைன் 73

பாசம் கலந்திருந்தாலும் இதுவரை நான் கேட்டதில் நல்ல பதில் இது. ஷெஃபீல்ட் விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை.

கையுறை

டிரான்மியர் பகுதியையும் எழுதிவிடுகிறேன். முதலில் டெக்னிக்கல் டைரக்டராகத்தான் அங்கே போனார். 2023 செப்டம்பரில் லீக் டூவின் (நான்காம் அடுக்கு) அடிப்பகுதியில் அணி கிடந்தபோது மேனேஜரை நீக்கிவிட்டு இவரைத் தற்காலிகமாக நிற்கச் சொன்னார்கள், நவம்பரில் நிரந்தரமாக்கினார்கள். 2006-ல் ஸ்கன்தார்ப்பில் நடந்த அதே வரிசை. பதினெட்டு வயதில் கையுறை மாட்டி நின்ற அதே பிரென்டன் பார்க் மைதானம், நாற்பது வருடம் கழித்து. அந்தப் பருவம் 16-வது இடத்தில் முடித்தார்கள். 2025 பிப்ரவரியில் அணி மறுபடி கீழே சரிந்தபோது அவர் விலக நேர்ந்தது. அவர் இடத்தில் ஆண்டி கிராஸ்பி பொறுப்பேற்று அணியை லீக்கில் தக்கவைத்தார். 2007-ல் ஸ்கன்தார்ப் பட்டம் வென்றபோது பின்வரிசையில் நின்ற கேப்டன் கிராஸ்பி, அப்புறம் கிளப் கிளப்பாக அட்கின்ஸோடு கோச்சாகப் போனவர்.

புதுப்பந்து

இந்த இழையைப் படிக்கும்வரை எனக்கு இவர் பெயரே தெரியாது, நான் ஐஎஸ்எல்லும் பிரீமியர் லீக்கும் மட்டும் பார்க்கிறவன். ஒரு ஆட்டம் பார்க்கலாம் என்றால் எதைப் பார்க்க?

கையுறை

2009 மே 24, வெம்ப்ளி, லீக் ஒன் பிளே ஆஃப் இறுதி, மில்வாலுக்கு எதிராக. அதற்கு ஏழு வாரம் முன்னால் இதே வெம்ப்ளியில் கீழ் டிவிஷன்களுக்கான கோப்பை இறுதியில் லூட்டனிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றுவிட்டு வந்த அணி என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

புதுப்பந்து

பார்த்தேன். ஸ்கன்தார்ப்பின் ஸ்பாரோ ஆறாவது நிமிடமே அடித்துவிட்டார், ஆனால் இடைவேளைக்கு முன் மில்வாலின் கேரி அலெக்சாண்டர் இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு போட்டதும், அதுவும் முதல் கோல் அவ்வளவு தூரத்திலிருந்து, முடிந்தது என்று நினைத்தேன். எழுபதாவது நிமிடம் ஸ்பாரோ மறுபடி. 85-ல் வூல்ஃபோர்ட். இந்த முறை 3-2 இவர்கள் பக்கம். ராத்திரி ஒன்றரை மணிக்குத் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன், அம்மா எழுந்து வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.